தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

முதலில் கூட்ஸ் வண்டி என்றுதான் நினைத்தேன் டாக்டர் அம்மா. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ரயில் பாதை போகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். வார்டில் விளக்கைத் தணித்து ஒரு மணி நேரம் இருக்கும். தடதடவென்று இரும்பு மோதுகிற சத்தம். வண்டி என்றால் வரும், போகும். இது போகவில்லை. நின்றது, மறுபடி தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. நாலு காலும் சிமெண்டுத் தரையில் குதிக்கின்றன. அதன் மேல் மாடத்தி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல் கிட்டிப்போய், என்னைப் பார்க்கிறாள். குளிர். ஐப்பசிப் புழுக்கத்தில் பதினாலு பேர் படுத்திருக்கிற வார்டில் ஒருத்திக்கு மட்டும் அப்படி ஒரு குளிர்.

இன்று சாயங்காலம் நீங்கள் விசாரணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, பக்கத்துக் கட்டில்காரிக்குக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. நான் சொன்னது, "இல்லை."

ஏன் அப்படிச் சொன்னாய் என்பீர்கள். நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள்? ஒரு பக்கம் என் மாமியார். வாசல்படிக்கு வெளியே என் வீட்டுக்காரர். அந்த ஆஸ்பத்திரியை நடத்துவது நகராட்சி, இவர் நகராட்சியில் சுகாதாரப் பிரிவு கிளார்க். இவர்களை வைத்துக்கொண்டு, பிள்ளை பெற்றுப் பதினோரு நாள் ஆனவளிடம், ஆஸ்பத்திரியில் குறை உண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அத்தை கொடுத்த காப்பியைக் குடித்தீர்கள். நோட்டில் ஒரு வரி எழுதினீர்கள். பிறகு இவரிடம் இங்கிலீஷில் சொன்னீர்கள், எனக்குப் புரியாது என்று நினைத்து. ஜில்லாவில் இத்தனை சுத்தமாக ரெக்கார்டு வைத்திருக்கிற ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை, டெம்பரேச்சர் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, என்ன அழகான கையெழுத்து, என்று. செத்துப்போன அந்த ஐந்து பெண்களும் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத்தான் போயிருக்கிறார்கள், வீட்டுக்குப் போய் அழுக்குத் துணியிலும் அழுக்குத் தரையிலும் படுத்துத்தான் ஜன்னி கண்டிருக்கிறது, தீப்பெட்டி ஆபீஸ் ஜனங்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுக்க வேண்டும், என்று.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் டாக்டர் அம்மா. ஆறு வயதிலிருந்து மெட்ரிகுலேஷன் வரைக்கும் கான்வென்ட் போர்டிங்கில் இருந்தவள் நான். என் தம்பியைப் பெற்ற பத்தாம் நாள் என் அம்மா போய்விட்டாள், தம்பியும் தங்கவில்லை, அதனால்தான் போர்டிங். அம்மாவுக்கும் ஜன்னிதான். எனக்கு அதெல்லாம் மறக்கவில்லை. நான் பயந்தவள். பயந்தவள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஆனால் அதற்காக இரக்கப்பட வேண்டாம்.

அந்தக் கையெழுத்து என்னுடையது.

கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு என்று புரட்டாசியிலேயே என்னை அங்கே படுக்க வைத்துவிட்டார்கள். பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. வேலை ஒன்றும் இல்லை, எழுந்து நடக்கவும் கூடாது. நாகரத்தினம் நர்ஸம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் கை கழுவுகிற லைசால் மருந்தில் வெந்து வெடித்திருந்தது. ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. பேனா பிடிக்க முடியாது. தெர்மாமீட்டரைப் பார்த்து, தினக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் பென்சிலால் கட்டில் நம்பரும் டிகிரியும் கிறுக்கி வைப்பார். அதைப் பெரிய புத்தகத்தில் ஏற்ற ஆள் இல்லை. என் சம்சாரம் முத்து முத்தாக எழுதுவாள் என்று சொன்னது இவர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது. நாலு கோட்டு நோட்டில் எட்டு வருஷம் மதர் பிலோமினாவிடம் பிரம்படி வாங்கி வந்த எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு பால் கணக்கு எழுதக்கூட யாரும் கூப்பிடவில்லை.

முதல் நாலு நாள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஐந்தாம் நாள் ஏழாம் கட்டிலுக்கு நூற்று இரண்டு. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் விதி ஒட்டியிருக்கிறது. நூறுக்கு மேல் போனால் சிவப்பு மை. ஒரே வாரத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் மேலே எழுத வேண்டும், வார்டை மூட வேண்டும், கந்தகப் புகை போட்டுச் சுண்ணாம்பு அடித்துப் பத்து நாள் யாரையும் உள்ளே விடக்கூடாது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நர்ஸம்மா என் கையைப் பிடித்தார். தெர்மாமீட்டர் பழசு, கூடக் காட்டுகிறது, தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று போடு என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன் போலிருக்கிறது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வார்டை மூடினா இந்தப் பதினாலு பேரையும் எங்க கொண்டுபோய்ப் போட? உன் வீட்டு முன் கூடத்துலயா? போன வருஷம் மூடினப்ப ஒருத்தி பஸ் ஸ்டாண்டுல பெத்தா. உனக்கு நாள் எப்ப வருதுன்னு நினைவிருக்கா?"

நினைவிருந்தது. எழுதினேன்.

அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாப் பழியும் அவர் தலையில் இறக்கிவிட்டு நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள். பதினாலு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயா. லைசால் வேண்டும் என்று மூன்று தடவை கடிதம் போயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதை எழுதியதும் நான்தான். அது இவர் மேஜையில் கிடக்கிறது. இருக்கிற லைசாலைத் தண்ணீரில் கலந்து, காலையில் ஒரு எனாமல் பேசினில் ஊற்றி வைப்பார்கள். அந்த ஒரு பேசின் தண்ணீரில் கை நனைத்துக்கொண்டு, முதல் கட்டிலிலிருந்து பதினாலாம் கட்டில் வரைக்கும் நர்ஸம்மா வருவார். பெற்றவளுக்குத் தையல் கழுவுவார், பெறப்போகிறவளைப் பரிசோதிப்பார். பேசின் தண்ணீர் காலையில் பால் போல இருக்கும். மத்தியானம் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டாம், நீங்கள் டாக்டர்.

நான் ஹைஜீன் பாடத்தில் முதல் பரிசு வாங்கியவள். கிருமி எப்படிப் போகும் என்று படம் போட்டுக் காட்டுவேன். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. என்னை முதலில் பார்த்துவிடுங்கள் என்று கேட்டேன். புத்தகம் எழுதுகிறவள் கேட்டால் மறுப்பார்களா? மறுநாளே என் கட்டிலை வாசல் பக்கம் முதல் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து, நான் வீட்டுக்கு வரும் வரைக்கும், பால் போன்ற தண்ணீரில் நனைத்த கை முதலில் தொட்டது என்னை. எனக்குக் காய்ச்சல் வரவில்லை. ஒரு நாளும் வரவில்லை. தினமும் சாயங்காலம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், குளிர்ந்து கிடக்கிறது. இப்போதெல்லாம் அதைத் தொடவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

மாடத்தி வந்தது ஐப்பசி முதல் வாரம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். இரண்டாவது பிள்ளை, பெற்ற இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து முறுக்கு தின்றாள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் அவளைப் போட்டபோது வேறு யாரையாவது போடக்கூடாதா என்று நர்ஸம்மாவைக் கேட்டேன். கையில் தீக்குச்சி மருந்து வாடை அடித்தது, சத்தமாகப் பேசினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கும் சிரிப்பாள். எனக்கு "இங்கிலீசு" என்று பேர் வைத்துவிட்டாள். "ஏ இங்கிலீசு, பிள்ளை எந்தப் பாசையில அழும்னு சொல்லு, நாங்களும் கேட்டுக்கிடுதோம்" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கால் வீக்கத்தில் தைலம் தேய்த்துவிட்டது அவள்தான், நான் கேட்காமலே. பச்சை உடம்போடு குனிந்து தேய்க்காதே என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. சுகமாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி அந்தச் சத்தம். என் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் மேல் போட்டேன். காலையில் காலண்டர் தாளில் இரண்டாம் கட்டிலுக்கு நேராக நூற்று மூன்று. அந்த வாரத்தில் அது நாலாவது. இந்தத் தடவை நர்ஸம்மா சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கறுப்பு மையில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினேன். எட்டின் இரண்டு வட்டமும் சமமாக விழுந்திருந்தது. மறுநாள் நூற்று மூன்றரை, அதற்கும் அதே எட்டு, அதே நாலு.

ஐந்தாம் நாள் காலை அவள் புருஷன் சங்கிலி வந்தான். வில் வண்டி பிடித்துக்கொண்டு வந்திருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், பன்னிரண்டு மைல்தானே, அங்கே பென்சிலின் ஊசி இருக்கிறதாம், ஆபீஸில் சொன்னார்கள் என்று வாசலில் நின்று கெஞ்சினான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள், காய்ச்சல் என்று எழுதித் தர வேண்டும். நர்ஸம்மா புத்தகத்தைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினார். இதோ பார், காய்ச்சலே இல்லை, பால் கட்டியிருக்கிறது, அதுதான் உடம்பு சுடுகிறது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். அவனுக்கு எழுத்து தெரியாது. புத்தகத்தைப் பார்த்தான், நர்ஸம்மாவைப் பார்த்தான். பிறகு, எத்தனையோ பேர் இருக்க, என்னைப் பார்த்தான்.

"தாயி, நீங்க படிச்சவுக. உள்ளதைச் சொல்லுங்க. என்ன போட்டிருக்கு?"

டாக்டர் அம்மா, இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி எழுதி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன். மாடத்தியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் செக்கச் செவேலென்று இருந்தது. பேச்சு குறைந்திருந்தது. எனக்கு அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே லேசாக இடுப்பு வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. வார்டை மூடினால் என் கதி என்ன என்பது ஒன்றுதான் மனசில் நின்றது. என் அம்மா முகம்கூட வந்தது. எனக்காகத்தான் வந்தது, அவளுக்காக வரவில்லை.

"தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு," என்றேன். "நார்மல்."

"அப்படின்னா?"

"காய்ச்சல் இல்லைன்னு அர்த்தம்."

அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மாடத்திகூடச் சிரிக்கப் பார்த்தாள். "இங்கிலீசு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "வாங்க, வீட்டுக்கே போவோம். புள்ள அங்க தேடிக்கிட்டு இருக்கும்." மூத்த பெண்ணைச் சொன்னாள். வண்டி இடது பக்கம் ஊருக்குள் திரும்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ரஸ்தா வலது பக்கம்.

எனக்கு அது பொய் வலி. பிள்ளை பிறந்தது அதற்குப் பிறகு ஒன்பது நாள் கழித்து.

அதற்குள் சங்கிலி ஒரு தடவை வந்துபோனான். தலையை மழித்திருந்தான். என் சால்வையைத் துவைத்து, மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். இரவல் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கடைசியாகச் சொன்னாளாம். பிள்ளை பிழைத்திருக்கிறது, அவன் அக்கா பால் கொடுக்கிறாள் என்றான். பிறகு, உங்களுக்கும் நல்லபடியாகப் பிறக்கணும் தாயி என்று கும்பிட்டுவிட்டுப் போனான். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அவன் மேலும் ஆத்திரம்தான். காறித் துப்பியிருந்தால் நான் துடைத்துக்கொண்டு இருந்திருப்பேன். படித்தவள் பொய் சொல்வாள் என்று அவன் மனசுக்குத் தோன்றவே இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலண்டர் தாள்களை எழுதி முடித்ததும் அடுப்பில் போடச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. நான் போடவில்லை. புண்ணியத்துக்காக இல்லை, பழக்கம். எங்கள் போர்டிங்கில் நகல் எழுதினால், டீச்சர் திருத்திக் கொடுக்கும் வரைக்கும் மூலத்தைக் கிழிக்கக்கூடாது, கிழித்தால் முட்டிக்கால். என் பெட்டிக்கு அடியில் முப்பத்தொரு தாள் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் தேதி, பின்பக்கம் நர்ஸம்மா கையால் கட்டில் நம்பரும் நிஜமான டிகிரியும். செத்துப்போன ஐந்து பேரும் அதில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு நூற்று நாலு.

நீங்கள் போன பிறகு இவர் வாசலில் நின்றபடியே கேட்டார், அந்தத் தாள்களை என்ன செய்தாய் என்று. எரித்துவிட்டேன் என்றேன். நம்பவில்லை. நர்ஸம்மா காலையில் வருகிறாள், அதற்குள் தேடி எடுத்து வை, பெட்டியைப் பிரித்துப் பார்க்க அம்மாவுக்குத் தெரியும் என்றார். அத்தையும் தன் பங்குக்கு, ஊரான் வீட்டுப் பிணத்துக்காகப் புருஷன் சோற்றில் மண்ணைப் போடாதே என்றார். என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். எழுதுகிறேன். சங்கரசுப்பு. லைசால் கடிதம் மூன்றையும் மேலே அனுப்பாமல் வைத்திருப்பவர் பேர் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். என் பேர் உலகநாயகி. பொய் எழுதியவள் பேர் அதற்கு மேல் இருக்க வேண்டும்.

நான் எப்படி அனுப்புவேன் என்று நினைப்பீர்கள். இந்த அறையிலிருந்து பதினாறு நாளைக்கு நான் வெளியே போகக்கூடாது. ஆனால் என் தீட்டுத் துணி தினமும் போகிறது. விடிந்தும் விடியாமலும் வண்ணாத்தி கருப்பாயி இந்த அறையின் கொல்லைப்புற வாசலுக்கு வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போவாள். அந்த மூட்டையை இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அத்தை அது கிடக்கிற திசைக்கே வரமாட்டார். பெட்டியைப் பிரிப்பார்கள், தலையணையைப் பிரிப்பார்கள், அதை மட்டும் பிரிக்கமாட்டார்கள். நீங்கள் தங்கியிருக்கிற பங்களாவுக்குப் படுக்கை விரிப்பு வெளுப்பதும் கருப்பாயிதான், நேரே உங்கள் கையில் கொடுக்கச் சொல்வேன். உங்கள் ரயில் எட்டு மணிக்கு. ரப்பர் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் வைக்கப்போகிறேன். எதற்குள்ளிருந்து வந்தது என்று முகம் சுளிக்காமல் பிரியுங்கள். படித்து முடித்ததும் கையைக் கழுவுங்கள், புதுத் தண்ணீரில்.

இதை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் அந்தப் பெரிய புத்தகத்தை வாங்கி, இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டைப் பாருங்கள், நாலைப் பாருங்கள். நாளைக்கு நான் மறுத்தாலும், இவர்கள் என்னை மறுக்க வைத்தாலும், எழுத்து மறுக்காது. அழுக்குத் தரையில் படுத்ததால் செத்தார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். மாடத்தி வீட்டுத் தரையை நான் பார்த்ததில்லை. துவைத்து வந்த சால்வையைப் பார்த்தேன். நான் வாங்கியபோதுகூட அது அத்தனை வெள்ளையாக இருந்ததில்லை. இப்போது, நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்த நிமிஷத்தில், அங்கே பதினாலு பேர் படுத்திருக்கிறார்கள். நாளைக் காலையிலும் ஒரு பேசின்தான்.

அத்தை புரண்டு படுத்த சத்தம் கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் பாய் போட்டிருக்கிறார். "விளக்கு ஏன்ளா இன்னும் எரியுது? என்ன எழுதுத?" என்கிறார். பிள்ளைக்குத் துணி மாற்றுகிறேன் என்றேன். "நான் வாரேன், இரு," என்று எழுந்திருக்கிறார். பிள்ளை பெற்றவள் இருக்கிற அறைக்கு உள்ளே தாழ் போடும் வழக்கம் கிடையாது. அவளுக்கு எதுவும் ஆகலாம், யாரும் எப்போதும் உள்ளே வர வேண்டியிருக்கும் என்று கதவை ஒருக்களித்தே வைப்பார்கள். எனக்கு இன்னும் தாள்களை அடுக்கிச் சுற்ற வேண்டும்.

ஒரு நிமிஷம் டாக்டர் அம்மா.

பெயிண்டு அடித்து அடித்து இறுகிப்போயிருந்தது. இரண்டு தடவை நகரவில்லை, உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. வெளியே அத்தை என் பேரைச் சொல்லித் தட்டுகிறார், அவர் மகனையும் கூப்பிடுகிறார். பிள்ளை அழுகிறான். அழட்டும், கொல்லைப்புற வாசலுக்குக் கருப்பாயி வருகிற வரைக்கும் இந்தக் கதவைத் திறக்கமாட்டேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.